பிரிட்டிஷ் குடிமகனே அல்லாத வில்லியம் ஜாய்ஸ் மீது தேசத்துரோக வழக்கு எப்படி நின்றது?

கேள்வி:
‘லார்ட் ஹா-ஹா’ எனப்பட்ட ஜாய்ஸ் பிறந்தது நியூயார்க்கில். அப்பாவும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் வானொலியில் நாஜிப் பிரசாரம் பேசியதற்காக பிரிட்டன் அவரை 1946 ஜனவரி 3 அன்று தூக்கிலிட்டது. பிரிட்டன் அவருடைய சொந்த நாடே இல்லாதபோது துரோகம் எங்கிருந்து வந்தது?

பதில் 1:
எல்லாம் பாஸ்போர்ட் செய்த வேலை. 1933இல், அயர்லாந்தின் கால்வேயில் பிறந்ததாகப் பொய் சொல்லி பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கினார். போருக்குச் சற்று முன் அதைப் புதுப்பித்ததில் 1940 ஜூலை 2 வரை செல்லுபடி.

குற்றச்சாட்டுகள் மூன்று. முதல் இரண்டும் ‘பிரிட்டிஷ் பிரஜை’ என்பதை நம்பிப் போட்டவை; அமெரிக்கர் என்று நிரூபணமானதும் விழுந்தன. மூன்றாவதை மட்டும் 1939 செப்டம்பர் 18 முதல் 1940 ஜூலை 2 வரை என்று தேதி கட்டிப் போட்டிருந்தார்கள். துரோகத்துக்கு அடிப்படை குடியுரிமை அல்ல, அரசருக்குக் காட்ட வேண்டிய விசுவாசம். பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அரசரின் பாதுகாப்பில் இருக்கிறார், ஆகவே வெளிநாட்டிலும் விசுவாசம் கடன் என்பது அரசுத் தரப்பு வாதம். பொய் சொல்லி வாங்கிய பாஸ்போர்ட் என்பது அவரைக் காப்பாற்றவில்லை.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் 1940 ஜூலைக்குப் பின் 1945 வரை பேசியதெல்லாம்?

பதில் 2:
கணக்கிலேயே வராது. 1940 செப்டம்பரில் ஜெர்மன் குடியுரிமையும் வாங்கிவிட்டார். ஆகவே அந்த ஒன்பதரை மாதத்துக்குள் பேசினார் என்று காட்டியாக வேண்டும். வழக்கு மெலிந்த இடம் இதுதான். குரலை அடையாளம் காட்டியவர் லண்டன் போலீஸின் ஸ்பெஷல் பிராஞ்ச் அதிகாரி ஆல்பர்ட் ஹன்ட் ஒருவரே. போருக்கு முன்பே அந்தக் குரல் அவருக்குப் பழக்கம். இங்கிலாந்தின் கடலோர நகரங்களான ஃபோக்ஸ்டனும் டோவரும் அழிந்துவிட்டதாக வந்த ஒலிபரப்பில் அதைக் கேட்டதாகச் சொன்னார். எந்த நிலையம், எந்தத் தேதி என்று அவரால் சொல்ல முடியவில்லை.

பழைய விதிப்படி இது போதாது. துரோகத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். அந்த விதியை நீக்கிய சட்டத்துக்கு 1945 ஜூன் 15 அன்று ஒப்புதல் கிடைத்தது. மறுநாள் ஜாய்ஸை விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

பதில் 3:
மேல்முறையீட்டில், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 4–1 என்று பிரிந்தது. மாறுபட்டவர் போர்ட்டர் பிரபு. ஜெர்மனி போன பிறகும் அந்த பாஸ்போர்ட்டை ஜாய்ஸ் வைத்திருந்தாரா என்பது ஜூரி தீர்மானிக்க வேண்டிய விஷயம். வழக்கை விசாரித்த நீதிபதி டக்கர் அதை அவர்களிடம் விடாமல் சட்டக் கேள்வியாக்கித் தானே முடித்துவிட்டார் என்பது போர்ட்டரின் கருத்து. முதலில் படிக்க வேண்டியது அந்தத் தீர்ப்பைத்தான்.