புதுப்பிப்பு: மோட்டார்ஹோம் கிளப், முதல் முகாம் முடிந்தது

இங்கிலாந்தின் லெஸ்டரில் நாலு குடும்பம் சேர்ந்து மோட்டார்ஹோம் (அடுப்பு, படுக்கை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) கிளப் ஆரம்பிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேனே? ஆரம்பிச்சாச்சு. பெயர்தான் இன்னும் வைக்கவில்லை. அதற்கு மட்டும் வாட்ஸ்அப்பில் மூன்று சண்டை.

முகாம் போட்டது பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் ஒரு பண்ணையில். அந்த மாதிரிச் சின்ன இடங்களில் 5 வண்டி வரைதான் நிறுத்தலாம், எங்களுக்குப் போதும். வண்டிக்கு வண்டி 6 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று இங்கே சொன்னீர்களே, அதைத் துணிக்கொடியால் அளந்தோம்.

சொதப்பியது கேஸில். ராத்திரி உறைபனி. காலையில் இட்லித் தட்டை அடுக்கிவிட்டு அடுப்பைத் திருகினால், நீலமாக ஒரு பொட்டு எரிந்து பொசுக்கென்று அணைந்தது. எங்களிடம் இருந்தது பியூட்டேன் சிலிண்டர். பூஜ்ஜியம் டிகிரியில் அது ஆவியாகவே மாட்டேன் என்னும். புரோப்பேன் என்றால் மைனஸ் 42 வரை கவலையில்லை. பக்கத்து வண்டியின் சிவப்பு புரோப்பேன் சிலிண்டர்தான் காப்பாற்றியது. மாவு பொங்காமல் இட்லி கல்லானது தனிக்கதை.

இன்னொன்று: 1997 முதல் வாங்கிய சாதாரண கார் லைசென்ஸில் ஓட்டும் வண்டிக்கு மொத்த எடை 3,500 கிலோதான் வரம்பு. ஐந்தாவதாகச் சேர வந்தவர் பார்த்து வைத்திருந்த வண்டியோ 3,850. இப்போது அதைவிடக் கனமான வண்டிகளுக்கான சி1 லைசென்ஸ் டெஸ்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

அடுத்தது மார்ச்சில், நார்ஃபோக் கடற்கரை. புரோப்பேன் வாங்கியாச்சு.