என்-பேக் சோதனையில் கவனத்தையும் உத்தியையும் பிரிப்பது எப்படிங்க?

கோவை, ஈரோடு பக்கம் இஇஜி (தலையில் மின்முனை வைத்து மூளையின் மின் அலைகளை அளப்பது) வைத்து வேலை நினைவை (சற்று நேரம் மனதில் வைத்துக் கையாளும் நினைவை) ஆராய்பவர்கள் கொஞ்சம் உதவுங்க.

2-பேக் சோதனை: இப்போது வரும் எழுத்து, இரண்டு எழுத்துக்கு முன் வந்ததேதானா என்று சொல்ல வேண்டும். எழுத்து அரை நொடி, இடைவெளி 2 நொடி. நினைவுச் சுமை கூடும்போது முன்தலை நடுவில் தீட்டா அலை (4–7 ஹெர்ட்ஸ்) ஏறுகிறது, அதில் சிக்கலில்லை. தலையின் பின்பக்க ஆல்ஃபா அலைதான் சிலருக்கு ஏறுகிறது, சிலருக்கு இறங்குகிறது. கவனம் நழுவுவதாலா, உத்தி (எழுத்தை மனதில் வைத்துக்கொள்ளும் வழி) மாறுவதாலா?

க, ச, த என்று கொடுத்தால் எல்லாமே ஒரே ஓசையில் முடிகிறது. மனதுக்குள் சொல்லிப் பார்ப்பவர்கள் தடுமாறுகிறார்கள். பூ, தீ, கை என்றால் உடனே படமாக நினைக்கிறார்கள். அதனால் இப்போது கி, டு, ஞெ மாதிரி பொருளில்லாத எழுத்துகள்.

உத்தியைக் கடைசியில் கேட்டால் மறந்துவிடுகிறார்கள். நடுநடுவே கேட்டால், கேள்வியே கவனத்தைத் திருப்பிவிடுகிறது. எத்தனை எழுத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கேட்கலாம்?

இன்னொன்று, மின்முனைக்கும் தோலுக்கும் இடையிலான மின்தடையை 5 கிலோ ஓமுக்குள் கொண்டுவர முடிவதில்லை. தேங்காய் எண்ணெய் ஒரு பக்கம். அரப்பு போட்டுக் குளித்து வந்தால் பொடி தோலிலேயே தங்கிவிடுகிறது. ஷாம்புதான் தேவலை. சித்திரை வெயில் வியர்வையில் அலை மெல்ல நகர்வதற்கு 1 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் வடிகட்டி (அதற்குக் கீழான மெதுவான அலைகளை நீக்குவது) போதுமா?