‘லாக்’ என்பதற்குப் ‘பதிவு’ போதுமா?

அன்புடையீர்,

வழங்கி (சர்வர்) மென்பொருள் கையேட்டைத் தமிழாக்கும்போது, கணினியில் நடப்பதை நேரத்தோடு எழுதிவைக்கும் ‘லாக்’ (log) வரும் இடமெல்லாம் ‘பதிவு’ என்றே இட்டுவிடலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. நேற்று நான் சரிபார்த்த ஒரே பத்தியில் பயனர் பதிவு, தரவுத்தளப் பதிவு, வலைப்பதிவு, பிழைப் பதிவு என நான்கு பதிவுகள் வரிசையாக நின்றன. ஆங்கில மூலத்தில் அவை நான்கும் வெவ்வேறு சொற்கள்.

‘லாக்’ முதலில் வெட்டிய மரக்கட்டைதான். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மாலுமிகள், கப்பலின் வேகத்தை அறிய, கயிற்றில் கட்டிய மரத்துண்டைப் பின்புறமிருந்து கடலில் எறிந்தனர். பிற்காலத்தில் அது கால்வட்டப் பலகையாயிற்று; வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருந்ததால் நீரில் நிமிர்ந்து, கப்பலோடு இழுபடாமல், ஏறத்தாழ ஓரிடத்திலேயே தங்கும். கப்பல் நகர நகரக் கயிறு உருளையிலிருந்து கழன்றோடும். 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணற்கடிகாரம் வடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்தனவோ, மணிக்கு அத்தனை கடல் மைல் வேகம். கப்பல் வேகத்தை இன்றும் ‘நாட்’, அதாவது முடிச்சு, என்று சொல்வது இதனால்தான். அந்த அளவுகளை நேர வரிசையில் எழுதிவைத்த ஏடு ‘லாக்-புக்’. நாளடைவில் ‘புக்’ உதிர்ந்து, கட்டையின் பெயரே ஏட்டுக்கு நிலைத்துவிட்டது. (கணக்கில் ‘லாக்’ என்று சுருக்கிச் சொல்லும் மடக்கைக்கும் இதற்கும் உறவில்லை, அது 1614இல் நேப்பியர் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஆக்கிய பெயரின் சுருக்கம்.)

ஆகவே தமிழில் நாம் கட்டையைத் தேடிப் போக வேண்டியதில்லை; ஏட்டின் இயல்பைப் பிடித்தால் போதும். நடந்த உடனே, நேரத்தோடு, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்படுவது அது. வழங்கியில் ‘10:42:07 கடவுச்சொல் பிழை’ என்று ஒரு வரி விழுந்தால், அடுத்த நொடியே சரியான கடவுச்சொல் வந்தாலும் அவ்வரி அழிவதில்லை; அதன்கீழ் இன்னொரு வரி விழும், அவ்வளவே. ‘குறிப்பேடு’ அழகான சொல்தான். ஆனால் கணக்குப்பதிவியல் பாடநூல்களில் அது ‘ஜர்னல்’ என்பதற்கு உரியதாகிவிட்டது, கோப்பு முறைமைகளிலும் ‘ஜர்னல்’ தனியே இருப்பதால் நாளை மோதும். ‘நாட்குறிப்பு’ என்றால் ஆனந்தரங்கப் பிள்ளை நினைவுக்கு வருகிறார். இயந்திரத்துக்கு அது பொருந்தாது. ‘நாளேடு’ செய்தித்தாளுக்குப் போய்விட்டது.

என் பரிந்துரை ‘நிகழேடு’. வினைத்தொகையாதலால் மூன்று காலத்துக்கும் இடம் தரும். ‘ஏடா நிகழ்கிறது?’ என்று இலக்கணம் கேட்பவர்களுக்கு, ஆடுகளத்தில் களமா ஆடுகிறது என்பதே என் விடை. பிழை நிகழேடு, அணுகல் நிகழேடு என்று அடை சேர்த்தாலும் இடறவில்லை. ‘ஈவன்ட் லாக்’ என்பதை மட்டும் ‘நிகழ்வு நிகழேடு’ என்று இரட்டிக்காமல், வெறும் நிகழேடு என்றே விடலாம்.

‘லாகின்’ வேறு கதை. 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறை வந்தபோது, யார் எப்போது அமர்ந்தார், எப்போது எழுந்தார் என்று கணக்கு வைக்க வேண்டியிருந்தது. விக்கிப்பீடியாவில் வழங்கும் ‘புகுபதிகை’ அந்தப் பொருளைக் கச்சிதமாகக் காக்கிறது. அச்சொல்லைக் கண்டு முன்பு சிரித்தவர்களில் நானும் ஒருவன். கைப்பேசிப் பொத்தானுக்கு ‘உள்நுழை’ போதும், அங்கே யாரும் ஏட்டை நினைப்பதில்லை. நிர்வாகிகளுக்கான கையேட்டிலோ புகுபதிகையே வேண்டும்.

‘தோல்வியுற்ற புகுபதிகைகள் நிகழேட்டில் ஏற்றப்படும்’ என்ற வரியை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ‘ஏற்றப்படும்’ மட்டும் உறுத்துகிறது. ‘எழுதப்படும்’ என்றே விட்டுவிடலாமா?