வியன்னா – பிராட்டிஸ்லாவா: புதுப்பிப்பு

வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்குப் படகில் போவதா, ரயிலில் போவதா, ஒரு நாள் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்தாயிற்று.

ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா ஆகியவற்றின் இந்த இரண்டு தலைநகரங்களுக்கும் இடையே சுமார் 60 கிலோமீட்டர்தான். போகும்போது வியன்னாவின் ஷ்வேடன்பிளாட்ஸ் துறையில் படகு ஏறினோம். ஒன்றேகால் மணி நேரத்தில் பழைய நகரத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறார்கள். ரயிலைவிட விலை கூடுதல், குளிர்காலத்தில் ஓடாது. திரும்பும்போது ரயில், ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒன்று கவனியுங்கள்: சில ரயில்கள் பிரதான நிலையத்துக்குப் போகும், சில டான்யூப் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பெட்ர்ஷல்காவுக்கு. டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது. ஸ்லோவாக்கியாவிலும் யூரோதான், பணம் மாற்றும் தொல்லை இல்லை. பாஸ்போர்ட் மட்டும் கையோடு இருக்கட்டும்.

பலர் சொன்ன டெவின் கோட்டைக்குத்தான் முதலில் போனோம். பழைய நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள SNP பாலத்தடியில் 29ஆம் எண் பேருந்து. மேலே நின்றால் மொராவா ஆறு டான்யூபில் கலக்கும் இடம் தெளிவாகத் தெரிகிறது, எதிர்க்கரை ஆஸ்திரியா. 1809இல் நெப்போலியனின் படை வெடி வைத்துத் தகர்த்த கோட்டை இது.

அப்புறம் ஊருக்குள் புனித மார்ட்டின் பேராலயம். ஹங்கேரி மன்னர்கள் 1563 முதல் 1830 வரை முடிசூடிய இடம். கோபுர உச்சியிலும் கிரீடம்தான். மதியம் பிரின்ட்ஸோவே ஹலுஷ்கி: உருளைக்கிழங்கு மாவு உருண்டை, மேலே செம்மறி ஆட்டுப்பால் சீஸ். பன்றிக்கொழுப்புத் துண்டும் போடுவார்கள், சைவர்கள் வேண்டாமென்று முன்பே சொல்லிவிடுங்கள்.

தங்க வேண்டியதில்லை, காலையிலேயே கிளம்பினால் ஒரு நாள் தாராளம்.