மறு: ‘ஆவணக்காப்பு அச்சு’ – என் மறுப்பும் ஒரு மாற்றுச் சொல்லும்

அன்பின் ஐயா, குழும நண்பர்களே, வணக்கம்.

> கறுப்பு வெள்ளைப் படங்கள் நெடுங்காலம் கெடாதிருக்கச் செய்யும் முறையை ‘ஆவணக்காப்பு அச்சு’ எனலாம். ஆவணக்காப்பகம் என்ற சொல்லோடும் ஒத்துப்போகும்.

ஒத்துப்போவதுதான் ஐயா சிக்கல். ஆவணக்காப்பகத்தில் எந்தப் படமும் இருக்கலாம், மங்கிப்போனதும் இருக்கலாம். நாம் பேசுகிற வேலையோ தாளில் தங்கிய மருந்தை நீரால் போக்குவது. அது படம் அங்கே போவதற்கு முன்பே, இருட்டறைத் தட்டில், தண்ணீரில் நடந்து முடிகிறது. படம் போய்ச்சேரும் கட்டடத்தின் பெயரை அந்த வேலைக்கு ஏன் வைப்பான்?

படத்தை நிலைக்கச் செய்யும் மருந்தான ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று ஜோன் ஹேர்ஷல் கண்டது 1819இல். 1839இல் அது ஒளிப்படத்துக்கு வந்தது. கொஞ்சக் காலத்திலேயே படம் மங்குகிறது என்று முறைப்பாடுகள் கிளம்ப, 1855இல் லண்டன் ஒளிப்படச் சங்கம் ஒரு விசாரணைக் குழுவைப் போட்டது. விக்டோரியா மகாராணியின் கணவர் அல்பேட் இளவரசர் அதற்கு 50 பவுண் கொடுத்தார். குழு பிடித்த முதற் குற்றவாளி, சரியாக அலசாததால் தாளிலேயே தங்கிவிட்ட ஹைப்போ. அதிலிருந்து பிரியும் கந்தகம் வெள்ளியைப் பிடித்து வெள்ளி சல்பைட்டாக்கிவிடும். படம் மஞ்சளாகி, வெளிறிப் போகும்.

குழு சொன்ன இன்னொரு காரணம் ஈரம். அதை எங்கள் திருகோணமலைக்காரருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. மார்கழி மழைக்குச் சட்டத்துக்குள் இருக்கிற படத்தின் மேற்பூச்சான ஜெலற்றின் ஊறிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். கச்சான் காற்றுக்குக் காய்ந்த பிறகு இழுத்துப் பார்த்தால் தாள் கையோடு வரும், மணப்பெண்ணின் முகம் கண்ணாடியிலேயே நிற்கும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘கழுவல்’ சரிவராது. “பிலிம் கழுவக் குடுத்தாச்சோ?” என்று கேட்டு வளர்ந்த ஊர் இது. கழுவுவதென்றால் பிலிமை உருத்துலக்கிப் படமாக எடுத்துத் தருகிற முழு வேலையும் அதற்குள் அடக்கம். ‘அலம்பல்’ எங்களுக்குப் பழகிய சொல்தான், ஆனால் தமிழகத்து நண்பர்களின் காதில் அது வேறு மாதிரி விழும், குழுமத்தில் சிரிப்புத்தான் மிஞ்சும். சவர்க்காரம் போகத் துணியை அலசுகிறோமே, இங்கேயும் அதே வேலைதான்: தாளின் நாருக்குள் ஏறியதை நீரால் வெளியே எடுப்பது. ஆகவே ‘அலசல்’. அரசியல் அலசலோடு குழம்பும் என்று யாராவது எழுதுவீர்கள். இருட்டறையில் நின்று அரசியல் பேசுகிறவர்கள் குறைவு.

அக்கா முன்வைத்த ‘ஹைப்போ முற்றுநீக்கம்’ அழகான சொல். 1940களில் வந்திருந்தால் நானே கை தூக்கியிருப்பேன். அன்றைக்கு ஐதரசன் பெரொக்சைட்டையும் அமோனியாவையும் கலந்து கடைசித் துளி ஹைப்போவையும் ஒழிக்கிற கரைசல் புழக்கத்தில் இருந்தது. பிற்பாடு ஆராய்ந்தபோது, மிக நுண்ணிய அளவில் ஹைப்போ எஞ்சியிருந்தால் காற்றிலுள்ள ஒட்சியேற்றும் வாயுக்களிடமிருந்து வெள்ளிக்கு அது சிறிது பாதுகாப்பு என்று தெரியவந்தது. ஆக, குறி முற்றாக நீக்குவதில் இல்லை, போதிய அளவு குறைப்பதில் இருக்கிறது. ‘நெட்டலசல்’ என்றும் யோசித்தேன். ஆனால் நேரத்தை வைத்தும் பெயரிட முடியாது. நார்த்தாளுக்கு ஓடும் நீரில் ஒரு மணி நேரம் பிடிக்கலாம், பிளாஸ்டிக் பூசிய தாளுக்குச் சில நிமிடமே போதும்.

இந்த நேரத்தைக் குறைத்த கதையில் கடலுக்கும் பங்குண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், நன்னீரை விடக் கடல்நீரில் அலசினால் ஹைப்போ விரைவாக வெளியேறுகிறது என்று அமெரிக்கக் கடற்படையினர் கவனித்தார்கள். உப்புத்தான் உதவி செய்கிறது. சோடியம் சல்பைற்றுக் கரைசலில் படத்தைத் தோய்த்தெடுத்துப் பிறகு அலசும் முறை அதன்வழி வந்ததே. அதற்காக எங்கள் ஊர்க் கடற்கரையான டச்சுக்குடாவுக்குப் படத்தோடு ஓடிவிடாதீர்கள். உப்புத் தங்கினால் அதுவும் கேடு, கடைசி அலசல் நன்னீரில்தான்.

அலசியது போதுமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. படத்தின் வெள்ளைக் கரையில், அசற்றிக் அமிலம் சேர்த்த வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை ஒரு சொட்டு விட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து ஒற்றி எடுக்க வேண்டும். மெல்லிய சாயல் மட்டும் விழுந்தால் போதும். தேநீர்க் கறைபோல் பழுப்பு விழுந்தால் படம் மறுபடி தொட்டிக்குள் போக வேண்டியதுதான்.

எனவே என் முன்மொழிவு ‘காப்பலசல்’. காப்பதற்காக அலசுவது, அவ்வளவே. அப்படி முடித்த படம் ‘காப்பலசிய படம்’. ஹைப்போ ஹைப்போவாகவே இருக்கட்டும். ஸ்ரூடியோக்காரர் வாயில் அது தமிழாகிக் கனகாலம்.

செலீனியக் கரைசலில் தோய்ப்பதற்கு ‘நிறமேற்றல்’ என்று உங்கள் சொற்பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். அங்கே நிறம் பெரும்பாலும் பக்க விளைவு, வெள்ளிக்குக் கவசம் போடுவதே நோக்கம். அதைத் தனி இழையில் எடுப்போமா ஐயா?

அன்புடன்,
திருமலையிலிருந்து