ஒரே இரவு, ஒரே சண்டை: அல்ட்ராமேன் பிளேசர் முதல் அத்தியாயம் பார்த்தவர்கள் வாங்க

விடிகாலைப் பார்வையாளன்:

அல்ட்ராமேன் என்றால் மனிதன் ஒருவன் ராட்சத வீரனாக மாறி அரக்கர்களோடு மோதும் ஜப்பான் டிவி தொடர் வரிசை, பிளேசர் அதில் ஒன்று. ஜூலை 8, 2023. டிவி டோக்கியோவில் சனிக்கிழமை காலை 9 மணி என்றால் நமக்கு விடிகாலை ஐந்தரை. அங்கே முடிந்த கையோடு தொடரை எடுக்கும் சுபுராயா நிறுவனமே தன் யூடியூப் சேனலில் ஆங்கில சப்டைட்டிலோடு இலவசமாகப் போட்டுவிடுகிறது. கொஞ்ச நாள்தான் இருக்கும், அப்புறம் எடுத்துவிடுவார்கள். இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கதையை உடைத்துத்தான் எழுதப்போகிறேன்.

வழக்கமான முதல் அத்தியாயம் எப்படி இருக்கும் என்று நமக்கெல்லாம் மனப்பாடம். இருபது வயசுப் பையன் ஒருவன், வெள்ளந்தியான சிரிப்பு, ஒரு அறிமுகப் பாட்டு. நடுவில் அரக்கன் வருவான், அல்ட்ராமேனாக மாற உதவும் ஒரு பொம்மைக் கருவி வானத்திலிருந்து கையில் விழும், அதை எப்படி இயக்குவது என்று இரண்டு நிமிடம் பாடம் நடக்கும். போன வருஷத்து அல்ட்ராமேன் தொடரான டெக்கரில் அட்டை, அதற்கு முந்தின டிரிக்கரில் சாவி, 2020இல் ஸெட்டில் பதக்கம். பொம்மைக் கம்பெனியும் பிழைக்க வேண்டுமே, குறை சொல்லவில்லை.

பிளேசரில் இது எதுவுமே இல்லை. படம் தொடங்கும்போதே சண்டை பாதி நடந்துகொண்டிருக்கிறது. டோக்கியோவின் இகெபுகுரோ, இரவு. பஸாங்கா என்று ஓடு போர்த்த ஒரு ராட்சத மிருகம் ஊருக்குள் நிற்கிறது. ஹிருமா கெண்டோ என்ற கேப்டன் தன் படையோடு இறங்குகிறார். மேலிடம் ஒன்று சொல்கிறது, தரையில் நிலவரம் வேறாக இருக்கிறது. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறார், ஆனால் செய்ய வேண்டியதைச் செய்கிறார். அத்தியாயம் முழுக்க இந்த ஒரே இரவு, ஒரே சண்டைதான். இவர் யார், வீட்டில் யார் இருக்கிறார்கள், முன்கதை என்ன, ஒரு வரி கிடையாது. அவரை அல்ட்ராமேனாக மாற்றும் வளையம் கையில் வந்து ஒட்டும்போதும் யாரும் விளக்கவில்லை. அடடா, நம்மை நம்பி எடுத்திருக்கிறார்களே என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

எனக்குப் பிடித்தது அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்த ஒரு வரி: "நான் போறேன்." 1966இல் வந்த முதல் அல்ட்ராமேனில் கேப்டன் முராமட்சு உத்தரவு போடுவார், களத்தில் பறந்து அடிபட்டு அல்ட்ராமேனாக மாறுவது அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஹயாட்டா. அன்றிலிருந்து பெரும்பாலும் இதே கணக்குதான். இங்கே கேப்டனே நாயகன். ஆபத்தான இடம் என்றால் ஆள் அனுப்பாமல் தானே எழுந்து போகிறார். "நீங்க ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடுங்க" என்று சொல்லும் தலைவர்களிடமே காலம் தள்ளியவனுக்கு இந்த ஆளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

அப்புறம் பிளேசராக மாறியதும் வரும் அந்த அலறல். அதைப் பற்றி நீங்களே எழுதுங்கள்.

கிள்ளான் அத்தை:

அலறல் பற்றி நான் சொல்கிறேன். எங்களுக்குக் காலை 8 மணி. அண்ணன் மகன் வீட்டுக்கு வந்திருந்தான், வயது ஆறு. பசியாறிக்கொண்டே பார்க்கட்டும் என்று தொலைக்காட்சியில் போட்டுவிட்டேன். மலேசியாவில் பிள்ளைகளுக்கு அல்ட்ராமேனை அறிமுகம் செய்ய வேண்டியதே இல்லை. பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், பொம்மைக் கடையைக் கடந்தால் பத்து அல்ட்ராமேன் வரிசையாக நிற்கும். எங்கள் ஊர் உப்பின் இப்பின் கார்ட்டூனுக்காகவே அல்ட்ராமேன் ரிபுட் என்று ஒருவரை உருவாக்கி, பிறகு அவரை ஜப்பான்காரர்களே தங்கள் தொடரிலும் சேர்த்துக்கொண்டார்கள். ஆக எங்கள் வீட்டுப் பையன் ஒரு நிபுணன்.

பிளேசர் மாறி நின்று வானத்தைப் பார்த்து ஊளையிட்டதும் அவன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். "அத்தை, இவரு நல்லவரா கெட்டவரா?" என்றான். எனக்கும் உடனே பதில் வரவில்லை. இவர் நிமிர்ந்து நிற்கவே மாட்டேன் என்கிறார். குனிந்து, முட்டியை மடக்கி, விலங்கு மாதிரி சுற்றிச்சுற்றி வந்து பாய்கிறார். ஈட்டி எறியும் முன் கையை ஆட்டி ஏதோ சடங்கு மாதிரி செய்கிறாரே, திருவிழாவில் சாமி வந்தவரைப் பார்த்த மாதிரி எனக்குப் புல்லரித்துவிட்டது. பையன் சோபாவுக்குப் பின்னால் போய்விட்டான். ஆனால் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பார்த்தால் துடைப்பக்கட்டையை எடுத்துக்கொண்டு முற்றத்தில் ஊளையிட்டுக்கொண்டிருக்கிறான். பக்கத்து வீட்டு நாய் பதில் சொல்கிறது.

பழைய ரசிகன்:

எல்லாரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்கள், சரி. நான் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன்.

ஒன்று, எனக்குக் கண் வலித்தது. முழுக்க இருட்டு. என் போன் திரையில் பஸாங்காவின் தலை எது வால் எது என்றே பாதி நேரம் தெரியவில்லை. இரண்டு, கெண்டோவைத் தவிர ஒருவர் முகமும் மனதில் நிற்கவில்லை. எல்லாரும் ஒரே உடை, ஒரே தலைக்கவசம், ரேடியோவில் ஒரே கத்தல். யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று பதற வேண்டிய இடத்தில் நான் "இவர் எவர்?" என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதுதான் என் பெரிய கவலை. 2004இல் அல்ட்ராமேன் நெக்ஸஸ் தொடர் வந்தபோதும் இப்படித்தான், "பெரியவர்களும் பார்க்கும் அல்ட்ராமேன்" என்று மெய்சிலிர்த்தோம். சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் பார்க்கிற நேரத்தில் அவ்வளவு இருட்டான கதை. பார்வையாளர்கள் வரவில்லை. நீளமாகத் திட்டமிட்டிருந்த தொடரை 37 அத்தியாயத்தில் சுருட்டிக்கட்டினார்கள். இன்றைக்கு அதைக் காவியம் என்று சொல்கிற ரசிகர்கள் நிறைய, நானும் அதில் ஒருவன். ஆனால் அன்றைக்குப் பிள்ளைகள் சேனலை மாற்றிவிட்டார்கள் என்பதை மறக்க முடியாது.

ஹார்ட் ரசிகை:

யாருமே சொல்லவில்லையே! கெண்டோவாக நடிக்கும் வராபினோ தொமோயாதான் காமன் ரைடர் டிரைவ் என்ற இன்னொரு ஜப்பான் சூப்பர்ஹீரோ தொடரில் ஹார்ட். அந்தச் சிவப்புக் கோட்டு வில்லன். 2014இல் அவருக்காகவே டிரைவ் பார்த்தவள் நான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்ததுமே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அப்போது நண்பர்களுக்காக உயிரை விடும் வில்லன், இப்போது ஆட்களுக்காக முன்னே போகும் கேப்டன். மற்றபடி எனக்கு அல்ட்ராமேன் பற்றி ஒன்றும் தெரியாது, இதுதான் முதல் தடவை. முன்கதை தெரியாமலே புரிந்தது. அதற்கே நூற்றுக்கு நூறு.

மினியேச்சர் பைத்தியம்:

பழைய ரசிகன் அண்ணாவுக்கு: போனில் பார்க்காதீங்கண்ணா, பாவம் அந்தக் கட்டடங்கள். இருட்டு வேண்டுமென்றே வைத்தது. பகல் வெளிச்சத்தில் மினியேச்சர் ஊரின் விளிம்பு, மேலே ஸ்டூடியோ வானத்தின் துணி எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். இரவு என்றால் நெருப்பும் ஜன்னல் விளக்கும் மட்டும் போதும், மீதியைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும்.

இயக்குநர் தகுச்சி கியோதகா. எக்ஸ், ஆர்ப், ஸெட் என்று முந்தைய அல்ட்ராமேன் தொடர்கள் எல்லாவற்றிலும் அவர் கைவண்ணம் உண்டு. மனிதரின் பழக்கம் என்னவென்றால் கேமராவைத் தரையில், மனிதன் நிற்கும் உயரத்தில் வைப்பார். முன்னால் ஒரு விளக்குக் கம்பம், ஒரு கம்பி, ஏதோ ஒன்று இருக்கும். அதைத் தாண்டித்தான் ராட்சதன் தெரிவான். ரப்பர் உடை போட்ட ஒருவர் ஐம்பது மீட்டர் உயரமாகத் தெரிவது இந்த இடத்தில்தான். அதோடு சண்டையை அதிவேக ஃபிரேமில் எடுத்து மெதுவாக ஓட்டுவார்கள். தூசி சட்டென்று விழாமல் நிதானமாக இறங்கும், எடை வந்துவிடும்.

பிளேசரின் உடையையும் கவனித்தீர்களா? இடமும் வலமும் ஒன்றாக இல்லை. ஒரு பக்கம் தலையில் நீலம் பீறிட்டுக் கிளம்புகிறது, கோடுகள் நரம்பு மாதிரி உடம்பெல்லாம் ஓடுகின்றன. அறுபது வருஷத்துக்குப் பக்கமாக ஒழுங்கான சமச்சீர் முகங்களையே பார்த்த கண்ணுக்கு அது உறுத்துகிறது. அந்த உறுத்தல்தான் அத்தையின் மருமகனை சோபாவுக்குப் பின்னால் ஓடவைத்தது என்று நினைக்கிறேன். முகம் அசையாத உடைக்குள் இருந்துகொண்டு தோளையும் விரலையும் வைத்தே ஒரு காட்டு உயிரை நடித்துக் காட்டியிருக்கிறார் உள்ளே இருப்பவர்.

விடிகாலைப் பார்வையாளன்:

பழைய ரசிகன் சார், நெக்ஸஸ் கவலை நியாயம். ஆனால் ஒரு வித்தியாசம். நெக்ஸஸில் இருட்டு மனசுக்குள் இருந்தது. நாயகனே உடைந்துபோனவன், காதலி, துரோகம் என்று பிள்ளைக்கு எட்டாத துக்கம். இங்கே இருட்டு வெறும் இரவு. கெண்டோ தடுமாறுகிற ஆள் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரு பெரியவர் வேலை செய்வதைப் பார்க்கிறோம், அதை ஆறு வயசும் ரசிக்கும். அந்த ஊளையும் அப்படித்தான். பெரியவர்கள் நாம்தான் அர்த்தம் தேடுகிறோம், பையன் துடைப்பத்தைத் தூக்கிவிட்டான்.

மற்ற வீரர்கள் முகம் நிற்கவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஒருவேளை அவர்களோடு கதை நிற்கப்போவதில்லை என்பதால் இருக்கலாம். கெண்டோ தலைமையில் ஸ்கார்ட் என்ற புதுச் சிறு குழு அமையப்போகிறது, நாம் பழகப்போகும் முகங்கள் அவர்கள்தான்.

பழைய ரசிகன்:

அப்படியென்றால் அடுத்த சனிக்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கொள்கிறேன். டிவியில் போட்டுப் பார்க்கச் சொன்ன தம்பிக்கு ஒரு கேள்வி: எங்கள் வீட்டு டிவியில் அந்த நேரத்தில் சுப்ரபாதம் ஓடும், அம்மாவிடம் நீ வந்து பேசுவாயா?