ஓ.டி.எஸ் உருக்கு: 0.3 வீதம் யித்திரியாவுக்கு இவ்வளவு பலம் எங்கயிருந்து வருது?

கரைச்சிப் பொடியன்:
வணக்கம். அறிவியல்நகர் கம்பஸில எஞ்சினியரிங் படிக்கிறன், செமினாருக்கு ஒட்சைட்டால பலப்படுத்தின பெரிட்டிக் ஸ்டீல், அதுதான் ஓ.டி.எஸ், எண்ட தலைப்பு தந்திருக்கினம். 14 வீதம் குரோமியம், கொஞ்சம் டங்ஸ்டன், டைட்டேனியம், அதோட வெறும் 0.3 வீதம் யித்திரியா எண்ட யித்திரியம் ஒட்சைட்டுத் தூள். அதுக்கே 1000 மெகாபாஸ்கலுக்கு மேல யீல்ட் (நிரந்தரமா வளையத் தொடங்கிற தகைப்பு) வருதாம், நாங்கள் வீடு கட்டுற கம்பி 500 தானே. அந்தத் தூளை உருகின இரும்பில கொட்டிக் கலக்காமல் ஏன் மணித்தியாலக் கணக்கா போல் மில்லில அரைக்கினம்? புதன்கிழமை பிரசென்டேஷன், ஆராவது விளங்கப்படுத்துங்கோ.

முறிகண்டியான்:
தம்பி, கடைசிக் கேள்வியில இருந்து வாறன். யித்திரியா இரும்பை விட நல்லா இலேசு, கிட்டத்தட்ட 5க்கு 7.8, உருகின இரும்போட ஒட்டவும் மாட்டுது, கொட்டினால் கட்டியாகி மேல மிதந்து கசடோட போயிடும். அதால உருக்கிற கதையே இல்லை. 1970 அளவில இன்கோ கம்பனியில ஜோன் பெஞ்சமின் நிக்கல் கலவைகளுக்கு எண்டு கொண்டுவந்த மெக்கானிக்கல் அலோயிங் தான் இதுக்கும். ஆர்கன் வாயுவுக்குள்ள உருக்குக் குண்டுகள் தூளை அடிச்சு அடிச்சு, ஒட்டி உடைஞ்சு திருப்பி ஒட்டி, கடைசியா யித்திரியமும் ஒட்சிசனும் சாதாரணமாக் கரையாத இரும்புக்குள்ள பலவந்தமாப் போய் இருந்திடும். பிறகு தூளை உலோகக் கானில அடைச்சு 1100 பாகையளவில எக்ஸ்ட்ரூட் பண்ணேக்க, அதாவது அச்சுக்குள்ளால தள்ளிக் கம்பியாக்கேக்க, அதுகள் டைட்டேனியத்தோட சேர்ந்து 2-5 நானோமீற்றர் துணிக்கையா வெளிய வருகுது. டைட்டேனியம் போடாட்டி துணிக்கை பெருத்திடும்.

இப்ப பலம். வயலுக்க நாலு பெரிய பாலை நிண்டால் லாண்ட்மாஸ்ரர் சுத்திப் போயிடும், அதே மரத்தைச் சின்னக் குத்தியா வெட்டி முழத்துக்கொண்டு நட்டால் எங்கால போறது? உலோகம் வளையேக்க அதுக்குள்ள நகருற அணு ஒழுங்குப் பிழைதான் டிஸ்லொகேஷன், அதுக்கு நடக்கிறதும் அதுதான், ஒரு கன மீற்றருக்குள்ள 10இன் 23ஆம் அடுக்கு, அதுக்கும் மேல துணிக்கை இருக்கு. அதே 0.3 வீதத்தை மைக்ரோன் அளவில போட்டால் ஒண்டும் நடக்காது. துணிக்கைகள் கிரெயின் எண்ட சின்னப் பளிங்கு மணியளின்ர எல்லையையும் பிடிச்சு வைக்குது, அதால கிரெயின் ஒரு மைக்ரோனுக்குக் கீழயே நிக்கும், பலத்தில அதின்ர பங்கும் கனக்க.

பட்டறை அண்ணை:
நான் புதுக்குடியிருப்பில வெல்டிங் பட்டறை வச்சிருக்கிறன், படிப்புக் கனக்க இல்லை. நீங்கள் சொல்லுறமாதிரி எண்டால் ஆர்க் வச்சவுடன உருகிற இடத்தில உந்தத் தூள் திருப்பி மிதக்குமே, பிறகு ஒட்டின இடம் சாதாரண இரும்புதானே?

முறிகண்டியான்:
அண்ணை, கேட்டீங்கள் பாருங்கோ, இந்த உருக்கின்ர பெரிய தலையிடியே அதுதான். அதாலதான் உருக்காமல் ஒட்டுற பிரிக்ஷன் ஸ்டேர் வெல்டிங் பண்ணினம், அதிலயும் துணிக்கை கொஞ்சம் பருக்கும்.

நெடுங்கேணி மச்சான்:
பலத்தை மட்டும் சொல்லிப் பொடியனை மேடையில ஏத்தாதேங்கோ. எக்ஸ்ட்ரூட் பண்ணின கம்பியில கிரெயின் எல்லாம் நீளவாக்கில மூங்கில் மாதிரி படுத்திருக்கும், இழுக்கிற திசையில எல்லாம் வடிவா இருக்கும், குறுக்கால இழுத்தால் கிறீப் பலம், அதாவது சூட்டில கனகாலம் சுமை தாங்கேக்க மெல்ல மெல்ல நீளாமல் நிக்கிற பலம், நல்லாக் குறையும். ரியாக்டரின்ர எரிபொருள் குழாய்க்குள்ள வாயு அமுக்கேக்க முக்கியமான தகைப்பு குறுக்காலதான் வரும், பிரச்சினை விளங்குதே? 9 குரோமியம் எண்டால் சூடாக்கி ஒஸ்ரனைட் எண்ட வேற பளிங்கு அமைப்புக்குப் போய்த் திரும்பேக்க அந்த அமைப்பை உடைக்கலாம், இந்தியாவின்ர கல்பாக்கம் அணு ஆய்வு நிலையத்திலயும் 9 குரோமியக் குழாயிலதான் கனக்க வேலை செய்திருக்கினம். 14இல அந்த மாற்றமே இல்லை, ரீகிறிஸ்ரலைஸ் பண்ணி, அதாவது சூடாக்கிப் புதுக் கிரெயின் வளர விட்டுத்தான் ஆகவேணும். இன்னொண்டு, குரோமியம் கூடினதில 475 பாகைச் சூட்டில கனநாள் வச்சால் குரோமியம் பிரிஞ்சு நொறுங்கத் தொடங்கும். கிறீப் வளைவையும் ஒருக்காப் பார், கனகாலம் அசையாமல் நிண்டிட்டுப் பெரிசா நீளாமலே டக்கெண்டு முறியும், டிசைன் பண்ணுறவனுக்கு அது பிடிக்காது.

கரைச்சிப் பொடியன்:
குறுக்கால இழுக்கிற கதையை எங்கட லெக்சரர் கட்டாயம் கேப்பார், நன்றி அண்ணைமார். இது கடையில வாங்கேலுமே?

நெடுங்கேணி மச்சான்:
எம்.ஏ.957, பி.எம்.2000 எண்டு வித்தவை தான், ரெண்டையும் நிப்பாட்டிப் போட்டினம். இப்ப ஆய்வுகூடத்துக்காரர் தாங்களே அரைச்சு எடுக்கினம்.

பட்டறை அண்ணை:
அப்ப கேற் அடிக்க சரிவராது.